கூடாரத்துக்கும் வரலாறு உண்டு

வரலாற்று நாவல் என்றால் அரியணையும் அந்தப்புரமும் இருந்தே தீரவேண்டுமா? தமிழில் இன்னும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். மைசூரில் படிக்கும் நாமும் தசராவிலே அம்பாரியைத்தான் அண்ணாந்து பார்க்கிறோம். பாகனை யார் பார்க்கிறோம்?

பாகன் மகன்தான் சாபு. 1924-ல் மைசூரை அடுத்த காராபுரத்தில் பிறந்தவர். 1937-ல் வெளிவந்த 'எலிபெண்ட் பாய்' படத்தால் உலகப்புகழ் பெற்றார். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க விமானப்படையிலே சேர்ந்து, குண்டுவீச்சு விமானத்தின் வால்புறத்தில் துப்பாக்கியோடு அமர்ந்தார். பின்னர் 1950-களில் லண்டன் சர்க்கஸ் ஒன்றில் மீண்டும் யானையுடன் தோன்றினார்!

அதே 1924-ல் தலைச்சேரிப் பக்கம் பிறந்தவர் சங்கரன். கீலேரி குஞ்ஞிக்கண்ணனிடம் வித்தை பயின்றவர். போர்க்காலத்தில் பட்டாளத்துக்குப் போனார். திரும்பி வந்து சர்க்கஸிலேயே சேர்ந்தார். 1951-ல் ஜெமினி சர்க்கஸைத் தொடங்கினார்.

போர்க்காலச் சர்க்கஸைப் பற்றி ஒரு நாவல் எழுத இதைவிட என்ன வேண்டும்? வித்தைக்காரன் பட்டாளத்துக்குப் போனபின், ஊஞ்சலில் பறந்துவரும் பெண்ணின் கையைப் பிடிக்க எவன் தொங்கினான்? மனிதனுக்கே அரிசி ரேஷனில் அளந்து கிடைத்த நாளில், யானையின் வயிறு எப்படி நிரம்பியது? கற்பனை புகவேண்டிய இடம் இதுவன்றோ!

"கூத்தாடிகளின் கதை வரலாறாகுமா?" என்று ஒரு நண்பர் சிரித்தார். மன்னருக்குக் கல்வெட்டு உண்டு, ஐயா. இவர்களுக்கு இருப்பது மூத்தவர்களின் நினைவு ஒன்றே. சங்கரன் 2023-ல் காலமானார். ஓய்வு பெற்ற கலைஞர்கள் தலைச்சேரியில் இன்னும் இருக்கிறார்கள். எழுத நினைக்கும் தோழர்கள் இந்த விடுமுறையிலேயே புறப்படலாம்.