போர்வை நீங்கிய எழுத்து

“அம்மா” எனப் பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய கோப்பை, அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால் தோன்றுவது யாது? எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கில எச்சம்! கணிப்பொறி எழுத்தை வைத்திருப்பதில்லை; எழுத்துக்குரிய எண்ணையே வைத்திருக்கும். ஆங்கில எண்களின்மேல் தமிழ்வடிவைப் போர்த்தியதே அவ்வெழுத்துரு செய்த வேலை. போர்வை நீங்கியதும் உள்ளிருந்த ஆங்கிலம் பல்லிளிக்கின்றது. ஈன்றாளை அழைக்கும் சொல்லுக்கே இந்நிலையெனின், ஆயிரம் பக்க அகரமுதலிக்கு என்ன நேரும்?

போர்வையேனும் ஒன்றாக இருந்ததா? எழுத்துரு விற்றோர் தத்தமக்கென ஓர் எண்முறை வகுத்தனர். வாங்கியவன் ஒரே கடைவாயிலில் கட்டுண்டு கிடந்ததன்றி, அதனால் தமிழ் பெற்ற நன்மை யாது? சென்னையில் 1999-இல் கூடிய தமிழிணைய மாநாடு முறைப்படுத்த முனைந்தது. ஒன்று வேண்டிய இடத்தில் ‘டாம்’, ‘டாப்’ என இரண்டு பிறந்தன! ஒருங்குறியோ 1991-இலேயே தமிழுக்கு இடந்தந்திருந்தது. தமிழக அரசு அதனை ஏற்றது 2010-இல்.

ஒருங்குறியும் குறையற்றதன்று. அங்கே மெய்யெழுத்துக்குத் தனியெண் இல்லை. ககரத்தோடு புள்ளியைச் சேர்த்தே ‘க்’ ஆக்கவேண்டும். மெய்யோடு உயிர் சேர உயிர்மெய் பிறக்கும் என்னும் தமிழ்நெறிக்கு இது தலைகீழ். எனினும், இன்று எல்லாக் கணிப்பொறிகளும் அறிந்த முறை அஃதொன்றே.

பழங்கோப்புகளை அதற்கு மாற்றும் கருவிகள் உள்ளன. ஆனால் எந்த எழுத்துருவில் அடித்தது என்பது தெரியவேண்டும். அதனை அறிந்த அச்சுக்கோப்பாளர் முதுமை எய்திவருகின்றனர். பதிப்பகங்களின் பழைய வட்டுகளோ பெயர்ச்சீட்டுமின்றிக் கிடக்கின்றன.