சுன்னாகத்துக் கிணறுகளும் சிறைச்சாலைகளின் எரிபொருள் தாங்கிகளும்

சுன்னாகம் அனல் மின்நிலையத்தின் கழிவெண்ணெயால் நிலத்தடி நீர் மாசடைந்த விவகாரத்தில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு நினைவிருக்கலாம். நொதேர்ன் பவர் நிறுவனம் 20 மில்லியன் ரூபாவை நட்டஈடாகச் செலுத்த வேண்டும் எனவும், பாதிக்கப்பட்டோரில் 500 பேருக்குக் குறையாதோருக்குத் தலா 40 ஆயிரம் ரூபாவுக்கு மேற்படாமல் அது பகிரப்பட வேண்டும் எனவும் நீதிமன்றம் பணித்தது. மாசுபடுத்தியவரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு நமது கிணற்றடி வரை வந்து சேர்ந்தமை வரவேற்கத்தக்கதே. எனினும் 40 ஆயிரம் ரூபாவைக் கொண்டு ஒரு கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கலாமே தவிர, அதன் அடியில் உள்ள நீர்ப்படுகையைத் துப்புரவாக்க முடியாது.

யாழ். குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் கிடையாது. வழுக்கையாறும் மாரி காலத்தில் மாத்திரமே ஓடும். குடிப்பதற்கும் தோட்டத்துக்கு இறைப்பதற்கும் மக்கள் நம்பியிருப்பது சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளில் தேங்கும் நீரையே. மேலே கொட்டப்படும் திரவம் வடிகட்டப்படாமலேயே அந்த வெடிப்புகளின் வழியே இறங்கி விடும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013-2014 காலப்பகுதியில் அப்பிரதேசத்தில் ஆராய்ந்த 150 கிணறுகளில் 109 இல் எண்ணெய், கிறீஸ் ஆகியவற்றின் அளவு நியமத்தை விஞ்சியிருந்தது. இந்த எண்ணெய் ஒரே நாளில் உடைத்துக்கொண்டு பாய்ந்ததல்ல. நாளாந்தம் சிறிது சிறிதாக நிலத்தில் விடப்பட்டதும், கண்காணிக்க வேண்டியவர்கள் வாளாவிருந்ததுமே இந்நிலைக்குக் காரணமாயின.

மின்நிலையம் எல்லோர் கண்ணிலும் படுகின்ற ஒன்று. மதிலுக்கு உள்ளே இருக்கும் தாங்கிகளைப் பற்றி யார் விசாரிப்பது என்பதே நாம் இங்கு எழுப்பும் வினா. வைத்தியசாலைகள், படைமுகாம்கள், சிறைச்சாலைகள் யாவும் டீசலைச் சேமித்து வைக்கவே செய்கின்றன. குறிப்பாகச் சிறைச்சாலையில் மின்தடையின்போது மதிலைச் சுற்றிய விளக்குகள் அணைந்துவிடலாகாது. ஆகவே மின்பிறப்பாக்கியும் அதற்கான எரிபொருளும் எந்நேரமும் தயாராக இருத்தல் வேண்டும். வாகனங்களிலிருந்து மாற்றப்படும் கழிவெண்ணெய் வேறு. (பழைய எஞ்சின் எண்ணெயைக் கறையானுக்கென்று மரங்களில் பூசுவதும், மிஞ்சியதை வேலியோரம் ஊற்றுவதும் நம்மவர் மத்தியிலும் நெடுநாளைய பழக்கந்தான்.) வெளியார் உட்பிரவேசிக்க முடியாத இடத்தில் அதே பழக்கத்தை எவர் காண்பது?

நீர் கெட்டால் சுன்னாகத்து வாசி போத்தல் நீரை வாங்கினார், பிரதேச சபையின் நீர்த்தாங்கியை எதிர்பார்த்து நின்றார், இறுதியில் நீதிமன்றப் படியும் ஏறினார். கைதிக்கு இவற்றுள் எதுவும் இலகுவானதல்ல. விளக்கமறியலில் இருப்பவர் இன்னமும் குற்றவாளியாகக் காணப்படாதவர் என்பதையும் இங்கு சேர்த்து நோக்க வேண்டும்.

இவ்விடயத்தில் அமெரிக்காவில் 1974 முதல் நடைமுறையிலுள்ள எண்ணெய்க் கசிவுத் தடுப்பு விதிகள் கவனத்துக்குரியவை. நிலத்துக்கு மேலே 1,320 கலனுக்கு, அதாவது சுமார் 5,000 லீற்றருக்கு மேற்பட்ட எண்ணெயைச் சேமிக்கக்கூடியதும், கசிந்தால் நீர்நிலையைச் சென்றடையக்கூடியதுமான இடம் ஒவ்வொன்றும் எழுத்திலான தடுப்புத் திட்டத்தை வைத்திருக்க வேண்டும். இக்கணக்கில் 55 கலன் பீப்பாயும் அடங்கும். தாங்கியைச் சுற்றிக் கட்டப்படும் அணை, அங்குள்ள மிகப்பெரிய தாங்கி முற்றாக உடைந்தாலும் அதன் கொள்ளளவையும் மேலே பெய்யும் மழைநீரையும் தாங்க வேண்டும். மத்திய அரசின் திணைக்களங்களும் ஏனையோரைப் போலவே இவ்விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. ஆதலால் அவற்றின் சிறைகளுக்கும் விலக்கில்லை. அணை மட்டும் போதாது என்பதற்கும் அந்நாட்டிலேயே சான்றுண்டு. 1988 ஜனவரியில் பென்சில்வேனியாவில் அஷ்லண்ட் நிறுவனத்தின் டீசல் தாங்கி வெடித்துச் சரிந்தபோது எண்ணெய் அணையையும் தாண்டிப் பாய்ந்து, மழைநீர் வடிகால் வழியே மொனொங்கஹேலா ஆற்றை அடைந்தது. சுமார் பத்து இலட்சம் மக்களின் குடிநீர் பாதிப்புற்றது.

நம் நாட்டில் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டமும் அதனைச் செயற்படுத்த மத்திய சுற்றாடல் அதிகார சபையும் உள்ளன. சட்டம் இல்லாத குறை என்று எவரும் கூற முடியாது. அரச நிறுவனம் இன்னோர் அரச நிறுவனத்தின் வாயிற்கதவைத் தட்டுவதில் உள்ள தயக்கமே குறை. இது வடக்குக்கு மட்டும் உரிய கவலையுமன்று. 1990 இல் வெளியேற்றப்பட்ட வட பகுதி முஸ்லிம்களில் பலர் குடியேறிய கற்பிட்டியிலும், மட்டக்களப்பு, கல்முனைக் கரையோரங்களிலும் மக்கள் அருந்துவது மணற்படுகையில் ஊறும் ஆழமற்ற கிணற்று நீரே. மணலும் எண்ணெயைத் தடுத்து வைப்பதில்லை.

சிறைச்சாலைகள் திணைக்களம் தனது ஒவ்வொரு வளாகத்திலும் எத்தனை லீற்றர் எரிபொருள் எங்கே வைக்கப்பட்டுள்ளது, தாங்கிக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரம் எத்தனை மீற்றர், கழிவெண்ணெயை எவர் எடுத்துச் செல்கின்றார் என்னும் விபரங்களைப் பகிரங்கப்படுத்த வேண்டும். சிறைக் கிணறுகளின் நீரையும் அயலில் உள்ள வீட்டுக் கிணறுகளின் நீரையும் ஒரே நாளில் எடுத்துப் பரிசோதிப்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 இலேயே நிறைவேறியுள்ளமையால், திணைக்களம் தானாக முன்வராதவிடத்து அயலவர்களே இவ்விபரங்களைக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.