செல்போன் சிக்னல் இல்லாத சாலை... சிபி ரேடியோவும் ஸ்கேனரும் கைகொடுக்குமா? வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

அமெரிக்காவின் நெவாடா மாகாணத்தைக் குறுக்கே கடக்கும் 50-ஆம் எண் நெடுஞ்சாலைக்கு ‘அமெரிக்காவின் மிகத் தனிமையான சாலை’ என்று பெயர். 1986-ல் ‘லைஃப்’ இதழ் வைத்த பெயர் இது. ஒரு ஊரைத் தாண்டினால் அடுத்த ஊர் வர பல இடங்களில் 100 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். நடுவே செல்போன் சிக்னலும் காணாமல் போகும். அப்படி ஒரு இடத்தில் வண்டி நின்றுவிட்டால்?

இந்தக் கேள்விக்கு அமெரிக்க லாரி ஓட்டுநர்கள் 50 ஆண்டுகளுக்கு முன்பே கண்ட பதில்தான் சிபி ரேடியோ. செல்போன் வந்த பிறகு இதன் கதை முடிந்தது என்றார்கள். ஆனால், நீண்ட தூரப் பயணம் போகிறவர்கள் இன்றும் இதை டேஷ்போர்டில் மாட்டிக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். ஏன்? இந்தியாவில் இதைப் பயன்படுத்தலாமா? பார்ப்போம்.

சிபி ரேடியோ என்றால் என்ன?

‘சிட்டிசன்ஸ் பேண்ட்’ என்பதன் சுருக்கமே சிபி. பொதுமக்கள் பேசிக்கொள்வதற்காகவே ஒதுக்கப்பட்ட 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை இது. அமெரிக்காவில் மொத்தம் 40 சேனல்கள். லைசென்ஸ் தேவையில்லை, மாதக் கட்டணம் இல்லை, டவரும் வேண்டாம். ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு நேராகப் பேசலாம்.

சாதாரண ஏஎம் முறையில் 4 வாட் சக்திக்கு மட்டுமே அனுமதி. அதனால் சில கிலோமீட்டர் தூரம்தான் எட்டும். திறந்த வெளி, நல்ல ஆண்டெனா இருந்தால் கொஞ்சம் கூடும். மலை குறுக்கே வந்தால் குறையும்.

போனில் பேச எதிராளியின் நம்பர் தெரிந்திருக்க வேண்டும். சிபியில் அது தேவையில்லை. முன்னால் போகும் முகம் தெரியாத ஓட்டுநர் ‘அடுத்த வளைவில் லாரி கவிழ்ந்து கிடக்கு, மெதுவா வாங்க’ என்று சொன்னால், அந்தச் சேனலில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். இதுதான் இதன் பலம்.

எப்படிப் பிரபலமானது?

1973-ல் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையால் அமெரிக்காவில் பெட்ரோல், டீசலுக்குக் கடும் தட்டுப்பாடு. எரிபொருளை மிச்சப்படுத்த 1974-ல் நாடு முழுக்க மணிக்கு 55 மைல் என்று வேகக் கட்டுப்பாடு வந்தது. எங்கே டீசல் கிடைக்கும், எங்கே போலீஸ் நிற்கிறது என்று சொல்லிக்கொள்ள லாரி ஓட்டுநர்கள் சிபியைக் கையில் எடுத்தார்கள். கூடவே தனி பாஷையும், பட்டப்பெயர்களும் பிறந்தன. ‘டென்-ஃபோர்’ என்றால் ‘சரி, புரிஞ்சுது’. ‘ஸ்மோக்கி’ என்றால் போலீஸ்.

1975-ல் வந்த ‘கான்வாய்’ பாடலும், 1977-ல் வந்த ‘ஸ்மோக்கி அண்ட் தி பேண்டிட்’ படமும் இதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தன. அதிபர் ஜெரால்ட் ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கே ‘ஃபர்ஸ்ட் மாமா’ என்று சிபி பட்டப்பெயர் உண்டு. கூட்டம் தாங்காமல் 23 ஆக இருந்த சேனல்கள் 1977 ஜனவரியில் 40 ஆக்கப்பட்டன. 1983-ல் லைசென்ஸ் முறையே கைவிடப்பட்டது.

இன்றைக்கும் உதவுமா?

உதவும், ஆனால் அளவோடு. லாரி ஓட்டுநர்கள் பெரும்பாலும் 19-ஆம் சேனலில் இருப்பார்கள். அவசர உதவிக்கு ஒதுக்கப்பட்டது 9-ஆம் சேனல். ஆனால், முன்பு இருந்த அளவுக்கு இன்று அதை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. அதில் கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வந்துவிடும் என்று நம்பிப் போவது ஆபத்து. பக்கத்தில் லாரி போகும் சாலையில் பதில் வரும். ஈ காக்கா இல்லாத பாலைவனத்தில் வராது.

ஆஸ்திரேலியாவில் நிலைமை கொஞ்சம் மேல். அங்கே 477 மெகாஹெர்ட்ஸில் 80 சேனல்கள் கொண்ட யுஎச்எஃப் சிபி பரவலாக இருக்கிறது. நெடுஞ்சாலைப் பேச்சுக்கு 40-ஆம் சேனல், அவசரத்துக்கு 5 மற்றும் 35. மிக நீளமான ‘ரோடு டிரெயின்’ லாரிகளை ஓவர்டேக் செய்யும் முன், ‘எதிரே வண்டி வருதா?’ என்று அந்த ஓட்டுநரிடமே கேட்டுக்கொள்ள முடிகிறது.

ஸ்கேனர் எதுக்கு?

சிபியில் கேட்கலாம், பேசவும் செய்யலாம். ஸ்கேனரில் கேட்க மட்டுமே முடியும். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எனப் பல அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தேடி, பேச்சு வரும் இடத்தில் நிற்கும். முன்னே விபத்தா, காட்டுத்தீயா, சாலை மூடப்பட்டதா என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

பயணிகளுக்கு இதில் அதிகம் பயன்படுவது வானிலை ரேடியோ. அமெரிக்க வானிலைத் துறை 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை 7 அலைவரிசைகளில் 24 மணி நேரமும் எச்சரிக்கை ஒலிபரப்புகிறது. சூறாவளி வரும் மாவட்டத்தின் பெயரையே சொல்லிவிடும். பல சிபி ரேடியோக்களில் இந்த வசதி சேர்ந்தே வருகிறது.

ஆனால், இரண்டு சிக்கல்கள். ஒன்று, போலீஸ் துறைகள் பேச்சை என்கிரிப்ட் செய்யத் தொடங்கிவிட்டன. நியூயார்க் நகர போலீஸ் 2023-ல் இதைத் தொடங்கியது. அப்படிப் பூட்டப்பட்ட பேச்சை எந்த ஸ்கேனராலும் கேட்க முடியாது. இரண்டு, சட்டம். நியூயார்க், ஃபுளோரிடா, இண்டியானா, கென்டக்கி, மின்னசோட்டா போன்ற மாகாணங்களில் போலீஸ் அலைவரிசை கேட்கும் ஸ்கேனரை வாகனத்தில் வைத்திருக்கவே கட்டுப்பாடு உண்டு. ஒரு மாகாணத்தில் சரியாக இருப்பது, எல்லை தாண்டியதும் குற்றமாகலாம்.

இந்தியாவில் என்ன விதி?

லடாக் பைக் பயணம் போகிறவர்கள் ஆன்லைனில் வாக்கி-டாக்கி வாங்குவது வழக்கமாகிவிட்டது. கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் குறைந்த சக்தி வாக்கி-டாக்கிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆனால், கருவிக்கு ‘இடிஏ’ எனப்படும் அரசின் வகை ஒப்புதல் இருக்க வேண்டும். வேறு அலைவரிசையில் இயங்குவதை வாங்கினால், போலீஸ் அல்லது மீட்புப் படையின் பேச்சில் நாம் குறுக்கிட நேரலாம்.

இந்த விவரமே சொல்லாமல் விற்றதாக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு 13 நோட்டீஸ்களை அனுப்பியது. அதே மாதம் புதிய வழிகாட்டு நெறிமுறைகளும் வந்தன. அலைவரிசை, ஒப்புதல் விவரங்களை விற்பனைப் பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்பது அதன் சாரம்.

ஸ்கேனர் விஷயம் இன்னும் கறார். தொலைத்தொடர்புச் சட்டம் 2023-ன்படி, தகவல்தொடர்பைச் சட்டவிரோதமாக இடைமறித்தால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். வெளிநாட்டில் வாங்கியதைப் பெட்டியில் போட்டு எடுத்து வருவது வம்பை விலைக்கு வாங்குவது. அனுமதி இல்லாத சாட்டிலைட் போனுடன் வந்து இந்திய விமான நிலையங்களில் சிக்கிய வெளிநாட்டுப் பயணிகள் உண்டு.

கிளம்பும் முன்...

அமெரிக்காவில் இருப்பவர்கள் சிபி வாங்கினால், ரேடியோவை விட ஆண்டெனாவுக்குச் செலவழிப்பது புத்திசாலித்தனம். 27 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளமே சுமார் 2.7 மீட்டர். குட்டை ஆண்டெனா அழகாக இருக்கும், தூரம் எட்டாது. மாட்டியதும் எஸ்டபிள்யூஆர் மீட்டரில் சரிபார்க்காவிட்டால் ரேடியோ பழுதாகவும் வாய்ப்புண்டு.

2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வட கரோலினாவின் மலைப் பகுதிகளைப் புரட்டிப்போட்டபோது, செல்போன் டவர்கள் பெருமளவில் முடங்கின. மவுண்ட் மிட்செல் மலையிலிருந்த ஹாம் ரேடியோ ரிப்பீட்டர் வழியாகத்தான் பலர் உதவி கேட்டார்கள், உறவினர்களின் நிலையை விசாரித்தார்கள். ஹாம் ரேடியோவில் பேச தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும். ஆனால், புயலில் சிக்கியவர்கள் லைசென்ஸ் இல்லாமலும் ஒரு சாதாரண ரிசீவரில் அந்தத் தகவல்களைக் கேட்க முடிந்தது.

ஆக, ரேடியோவைப் போனுக்கு மாற்றாகப் பார்க்க வேண்டாம். போன் கைவிடும்போது பயன்படும் இரண்டாவது வழி, அவ்வளவுதான். தண்ணீர், ஸ்டெப்னி, காகித மேப் இருக்கும் பட்டியலில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். போகும் ஊரின் சட்டத்தை மட்டும் சிக்னல் இருக்கும்போதே படித்துவிடுங்கள்.