ஸ்ப்ளிண்ட்டை விலை பார்த்து வாங்காதீங்க சாமி!

முதலுதவிப் பெட்டி வாங்கக் கிளம்புகிறவர்கள் கடையில் கேட்கிற முதல் கேள்வி, "இதுல காஸ்ட்லி எதுங்க?" கால் முறிவுக்குக் கட்டுகிற ஸ்ப்ளிண்ட் விஷயத்தில் இதைவிடத் தப்பான கேள்வி கிடையாது. கேட்க வேண்டியது, "எந்த எலும்பு?"

தொடை எலும்பு நடுவில் உடைந்தால், சுற்றியுள்ள பலமான தசைகள் சுருங்கி முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிவிடும். உள்ளுக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் போகலாம். அதற்காகத்தான் காலை இழுத்துப் பிடிக்கும் டிராக்‌ஷன் ஸ்ப்ளிண்ட். ஹ்யூ ஓவன் தாமஸ் 19ஆம் நூற்றாண்டில் முழங்கால் மூட்டு நோய்க்காகச் செய்த சட்டம் அது. முதல் உலகப் போரில் (1914-18) தொடை முறிந்த சிப்பாய்களுக்கு அதைக் கட்டச் சொல்லி வற்புறுத்தியவர், தாமஸின் உறவினர் ராபர்ட் ஜோன்ஸ். பல உயிர்கள் பிழைத்தன.

சரி, அவ்வளவு பெரிய ஆயுதமாச்சே, கணுக்காலுக்கும் மாட்டிடலாமா? கூடவே கூடாது! அது இழுப்பதே கணுக்காலில் பட்டை போட்டுத்தான். உடைந்த இடத்தையே பிடித்து இழுப்பதற்குப் பேர் முதலுதவியா?

கணுக்காலுக்கு ஒரு தலையணை போதுங்க. இருக்கிற நிலையிலேயே சுற்றி வளைத்து, துப்பட்டாவால் கட்டி, விரல்களை வெளியே விட்டுவிடுங்க. முழங்காலுக்குக் கீழே முறிவா? டிவி வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, துணி வைத்து, முழங்காலுக்கு மேலிருந்து பாதம் தாண்டும்வரை கட்டுங்க. மேல் மூட்டு, கீழ் மூட்டு இரண்டும் அசையக்கூடாது. காற்றடைத்த ஸ்ப்ளிண்ட் பார்க்க ஸ்டைல்தான். ஆனால் வெயிலில் காற்று விரிந்து காலை நெரிக்கும். ஸ்கூல் ஃபிசிக்ஸ் மறந்துபோச்சா?

எதைக் கட்டினாலும் கட்டுவதற்கு முன்னும் பின்னும் விரல்களைத் தொட்டுப் பாருங்க. சூடு, உணர்ச்சி, அசைவு இருக்கா? கட்டிய பிறகு ஜில்லிட்டாலோ மரத்துப்போனாலோ உடனே தளர்த்துங்க.

"அதுக்கெல்லாம் நேரம் ஏதுப்பா? ஆட்டோல தூக்கிப் போட்டு ஓடணும்" என்பார்கள். மூச்சுத் திணறலோ, நிற்காத ரத்தமோ இருந்தால் அதை முதலில் பாருங்க, ஒத்துக்கறேன். அது இல்லாதவரைக் கால் தொங்கத் தொங்கத் தூக்கிப் போனால், உடைந்த முனை ரத்தக்குழாயையும் நரம்பையும் கிழிக்கலாம். இரண்டு நிமிஷம் மிச்சம் பிடித்து ஒரு காலைத் தொலைப்பது எந்த ஊர் கணக்கு?

பி.காம் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்குன்னு கேட்கலாம். விழுந்தவர் பக்கத்தில் முதலில் நிற்கப்போவது டாக்டர் இல்லை, நீங்களும் நானும்தான். 108ஐக் கூப்பிட்டுவிட்டு, அது வரும்வரை சும்மா வேடிக்கை பார்க்காம வீட்டுக்குள்ள ஓடிப்போய் ஒரு தலையணை எடுத்துட்டு வாங்க.