இருதய ஆபரேஷனுக்குப் பிறகு குழந்தையின் படிப்புக்கு யார் பொறுப்பு?

பிறக்கிற குழந்தைகளில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று இருதயக் கோளாறுடன் பிறக்கிறது. இது ஏழை வீடு, பணக்கார வீடு என்று பார்த்து வருவதில்லை. ஐயம்பேட்டையில் பட்டுத் தறி ஓடுகிற வீட்டிலும் வரும். வாலாஜாபாத் பக்கம் நாற்று நடப் போகிற குடும்பத்திலும் வரும். மில் முதலாளியின் பங்களாவிலும் வரும். ஆனால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த குழந்தை பிற்பாடு என்ன ஆகிறது என்று பாருங்கள். பேதமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு காலத்தில் உதடு நீலம் பாய்ந்த குழந்தையைப் பார்த்துத் தலைவிதி என்று அழுவதைத் தவிர நம் ஜனங்களுக்கு வேறு வழி இருந்ததில்லை. 1960களின் தொடக்கத்திலேயே வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இருதயத்தைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். என்றாலும் அது கூலிக்காரன் வீட்டுக்கு எட்ட இன்னும் பல்லாண்டுகள் ஆயின. தமிழ்நாட்டில் 2009-ல் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-ல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாயிற்று. 2013-ல் மத்திய சர்க்கார் ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற பெயரில் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் குழந்தைகளைப் பரிசோதிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. கேரளத்தில் 2017 முதல் ‘ஹிருதயம்’ என்ற திட்டத்தின் மூலம் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பதிவு செய்து இலவசமாக ஆபரேஷன் செய்கிறார்கள். இவையெல்லாம் நல்ல காரியங்கள். நல்லதை நல்லது என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை.

ஆனால் உயிர் பிழைத்தால் மட்டும் போதுமா?

டாக்டர்கள் இன்று சொல்லும் விஷயம் ஒன்று இன்னும் நம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை. இருதயக் கோளாறு கடுமையாக இருந்தால் கருவிலேயே மூளைக்குப் போகும் பிராணவாயு குறைகிறது. பத்து மாதம் நிறைந்து பிறந்தாலும் அந்தக் குழந்தையின் மூளை சுமார் ஒரு மாதம் பின்தங்கிய வளர்ச்சியோடு இருப்பதைப் படம் எடுத்தே கண்டிருக்கிறார்கள். பிறகு ஆபரேஷன், ஆஸ்பத்திரி வாசம், பால் குடிக்க முடியாமல் எடை ஏறாத நாட்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில், பெரிய ரத்தக் குழாய்கள் இடம் மாறிப் பிறந்து 1988 முதல் 1992 வரை ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் 170 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பதினாறு வயதுக்குள் அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குப் படிப்பிலோ நடத்தையிலோ விசேஷ உதவி தேவைப்பட்டிருந்தது. அவர்கள் மந்தபுத்திக்காரர்கள் அல்ல; பொதுவான அறிவு பெரும்பாலோருக்குச் சரியாகவே இருந்தது. ஆனால் கவனத்தை நிறுத்துவது, சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு செய்வது, அவசரத்தை அடக்குவது, ஒரு படத்தைப் பார்த்து வரைவது ஆகியவற்றில் சிரமப்பட்டார்கள். 2012-ல் அமெரிக்க இருதயச் சங்கம், ஆபத்து அதிகமுள்ள இப்படிப்பட்ட குழந்தைகளின் அறிவு வளர்ச்சியையும் தொடர்ந்து சோதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. (சிறு ஓட்டையோடு பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் இது நேரும் என்று பயப்படத் தேவையில்லை. கோளாறு எவ்வளவு கடுமையோ அந்த அளவுக்குத்தான் ஆபத்தும்.)

பாஸ்டன் குழந்தைக்கு உதவி கிடைத்தது. ஐயம்பேட்டைக் குழந்தைக்கு என்ன கிடைக்கும்? நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்த வகுப்பில் அது பராக்குப் பார்க்கும். வாத்தியார் மக்கு என்பார். இரண்டு வருஷத்தில் பெற்றோரும் அதையே நம்பிவிடுவார்கள். அப்புறம் எங்கே போகும் என்பது நமக்குத் தெரியாததா? காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். நெசவாளிக்குப் பக்கத்தில் ஓர் உதவியாள் வேண்டும். எத்தனை தலைமுறையாக அந்த இடத்தில் சின்னக் கைகள் உட்கார்ந்திருந்தன! முதலாளியிடம் வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளையின் பள்ளிக்கூடம் ஈடாகப் போனது. பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரத்தின் பெயரும் இருந்தது. இன்று அந்தக் கொடுமை பெருமளவு குறைந்திருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடம் கைவிட்ட பிள்ளைக்குக் கூலி வேலைதான் கதி என்பது மாறிவிடவில்லை.

சோவியத் அறிஞர் வைகாட்ஸ்கி 1920களிலேயே இதை ஆராய்ந்தவர். உடற்குறை ஒன்று, அந்தக் குறையைக் காரணம் காட்டிக் குழந்தையை விளையாட்டிலிருந்தும் பள்ளியிலிருந்தும் ஒதுக்கிவைப்பதால் உண்டாகும் குறை இன்னொன்று, இரண்டாவதைச் சமூகம்தான் உண்டாக்குகிறது, ஆகவே சமூகமே அதைத் தடுக்கவும் முடியும் என்பது அவர் கருத்து. குழந்தை இன்று பிறர் துணையோடு செய்வதை நாளை தானே செய்யும் என்றும் காட்டினார்.

அந்தத் துணை பெரிய செலவு பிடிக்கும் காரியமா? இல்லவே இல்லை. ஜமைக்கா என்ற ஏழை நாட்டில், கிங்ஸ்டன் நகரத்துச் சேரிகளில், 1986-87-ல் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். ஊட்டமின்றி வளர்ச்சி குன்றிய 129 கைக்குழந்தைகளை எடுத்துக்கொண்டு, அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சுகாதார ஊழியப் பெண்கள் வாரம் ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகள் போனார்கள். வீட்டில் கிடைத்த பொருள்களால் செய்த பொம்மைகளை வைத்துக்கொண்டு, குழந்தையோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது என்று தாய்க்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவ்வளவுதான். அந்தக் குழந்தைகள் 22 வயதில், உதவி கிடைக்காத குழந்தைகளைவிடச் சுமார் 25 சதவீதம் அதிகமாகச் சம்பாதித்தார்கள். அவர்கள் இருதய நோயாளிகள் அல்ல, உண்மை. ஆனால் பின்தங்கிய மூளை பேச்சாலும் விளையாட்டாலும் முன்னேறும் என்பதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

தறி வீட்டில் பொம்மைக்கா பஞ்சம்! சிட்டத்தில் மிஞ்சிய நூலை நிறம் பிரிக்கச் சொல்லலாம். காலியான தார்க் குச்சிகளைப் பெரிதும் சிறிதுமாக அடுக்கச் சொல்லலாம். மூன்று கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து, ஒன்றின் அடியில் எலுமிச்சம்பழத்தை ஒளித்து, இடம் மாற்றி, எங்கே என்று கேட்கலாம். ஞாபகத்துக்கு அதுவே பயிற்சி. ராட்டை சுற்றும்போது கைதட்டி ஓடு, நில் என்று விளையாடினால் அடக்கம் பழகும். ஐந்து வயதுக்கு மேல் பல்லாங்குழியை எடுங்கள். பதினான்கு குழி, எண்ண வேண்டும், யோசிக்க வேண்டும், தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை கையில் மட்டும் புளியங்கொட்டை, சோழி கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கிக்கொள்ளும். இன்னொன்று: ஆபரேஷன் செய்த பிள்ளை என்று தூளியிலேயே போட்டுவைக்கும் பழக்கம் கூடாது. எவ்வளவு ஓடலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே அனுமதிப்பார்.

இதற்குள் வியாபாரி புகுந்துவிட்டான் என்பதையும் சொல்ல வேண்டும். மூளைப் பயிற்சி என்று போனிலும் கம்ப்யூட்டரிலும் விளையாட்டு விற்கிறார்கள். இப்படிப்பட்ட ஞாபகப் பயிற்சிகளை ஒன்றாகத் திரட்டி 2013-ல் ஆராய்ந்தவர்கள், பிள்ளைகள் அந்த விளையாட்டில் கெட்டிக்காரர்கள் ஆகிறார்களே ஒழிய, அது கணக்குக்கோ வாசிப்புக்கோ வந்து சேருவதில்லை என்று கண்டார்கள். லூமாசிட்டி என்ற விளையாட்டை விற்ற கம்பெனி, ஆதாரமில்லாத விளம்பரத்துக்காக 2016-ல் அமெரிக்க சர்க்காருக்கு 20 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. கடன் வாங்கி இதற்குப் பணம் கட்டாதீர்கள்.

“வீட்டிலேயே செய்யலாம் என்றால் சர்க்காரிடம் என்ன கேட்பது?” என்று ஒரு தோழர் கேட்கலாம். விடிந்தது முதல் தறியில் இருக்கிற அம்மாவுக்கும், களையெடுக்கப் போகிற அம்மாவுக்கும் வாரத்தில் அந்த ஒரு மணி நேரம் எங்கே இருக்கிறது? மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்குக் குழந்தையைத் தூக்கிப் போனால் அன்றைய கூலி போயிற்று. காப்பீட்டு அட்டை ஆபரேஷனுக்குப் பணம் தருகிறது. இழந்த கூலியை யார் தருவது? அங்கன்வாடிகள் 1975 முதல் இருக்கின்றன. ஜமைக்காவில் செய்ததைச் செய்ய அவையே சரியான இடம். ஆனால் அந்த ஊழியரை முழுச் சர்க்கார் ஊழியராக அங்கீகரிக்காமல், சோறும் கணக்கும் கணக்கெடுப்பும் அவர் தலையிலேயே கட்டிவிட்டு, இதையும் நீயே செய் என்றால் நடக்காது. ஆள் வேண்டும், பயிற்சி வேண்டும், சம்பளம் வேண்டும். மையத்துக்கு வரும் தாய்க்கு அன்றைய கூலியும் பஸ் செலவும் கொடுக்க வேண்டும்.

அங்கன்வாடிக்கு மருத்துவக் குழு ஆண்டுக்கு இரு முறை வர வேண்டும் என்பது 2013 திட்டத்தின் விதி. பால் குடிக்கும்போது வேர்த்து, இளைத்து, நிறுத்தி நிறுத்திக் குடிக்கும் குழந்தை, எடை ஏறாத குழந்தை, அழும்போது உதடு நீலமாகும் குழந்தை இருந்தால் அதுவரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஆபரேஷன் முடிந்த குழந்தை இருந்தால் குழுவிடம் கேளுங்கள்: இதன் பேச்சு, நடை, கவனம் ஆகியவற்றை யார் சோதிப்பது, எந்தத் தேதியில்? பதில் இல்லையென்றால் அந்தக் கேள்வியையே மனுவாக எழுதி, மே 1-ம் தேதி கிராமசபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.