ஞாயிறு காலை யாருடையது?

செப்டம்பர் வந்தால் எங்கள் ஊஸ்டரில் எங்கே பார்த்தாலும் ஓட்டக்காரர்கள்தான். கிரைஃபன்சே ஏரியைச் சுற்றி 21.1 கிலோமீட்டர் அரை மராத்தான், 1980-லிருந்து நடக்கிறது. நானும் இரண்டு முறை ஓடியிருக்கிறேன். முதல் முறை பதக்கத்தோடு படம் அனுப்பியபோது, ஊரிலிருந்து அம்மா கேட்டார்: "உன்னை யாருடா துரத்துறாங்க?"

எதுக்கு ஓடுறீங்க என்று கேட்டால் நம்மில் பலர் குடும்பத்தைத்தான் சொல்வோம். அப்பாவுக்குச் சர்க்கரை, நமக்கும் வந்துடக் கூடாது, பிள்ளைங்க பார்க்கணும். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இந்த ஊர் கிளப்பான எல்.சி. ஊஸ்டருக்காக ஓடியவர் ததேஸ்ஸே அப்ரஹாம். எரித்ரியாவில் பிறந்து, 2004-ல் அகதியாக வந்தவர். 2014-ல் சுவிஸ் குடியுரிமை, 2016-ல் ஐரோப்பிய அரை மராத்தான் தங்கம். 41 வயதில், 2023 பெர்லினில், 2 மணி 5 நிமிடம் 10 விநாடி! வீட்டை விட்டு வந்தவனுக்குள் என்ன ஓடும் என்று இங்கே வந்து சேர்ந்த ஈழத்து அண்ணன்மாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அவர்களில் பலருக்கு உணவகச் சமையலறை வேலை முடிந்து ஓட நேரம் ஏது? இப்போது அவர்கள் பிள்ளைகள் ஓடுகிறார்கள்.

நேரம்தான் விஷயமே. கென்யாவின் கிப்சோகே வார நாட்களில் கப்டகாட் முகாமில் தங்கி, வார இறுதியில் வீட்டுக்குப் போவார் என்பதை வியந்து பேசுகிறோம். அந்த நாட்களில் பிள்ளைகளை யார் பார்த்தார்கள் என்று நாம் கேட்டதில்லை. என் வீட்டிலும் அதே கதைதான். பயிற்சிக்காக மூன்று மாதம், ஞாயிறுதோறும் காலையில் இரண்டரை மணி நேரம் நான் காணாமல் போவேன். மனைவியும் என்னைப் போல் ஐடி வேலைதான். கல்லூரியில் 1500 மீட்டர் ஓடியவள் வேறு. நான் அப்போது கேன்டீனில் உட்கார்ந்திருந்தவன்.

"நாங்கதான் உங்க மோட்டிவேஷன்னா, எங்களுக்கு யாரு?" என்று ஒருநாள் கேட்டாள். கோபமாகக்கூட இல்லை.

குடும்பத்துக்காக ஓடுகிறேன் என்று சொல்பவர், ஞாயிற்றுக்கிழமைகளில் பாதியை வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. கொடுக்க முடியாவிட்டால், எனக்காகத்தான் ஓடுகிறேன் என்று ஒத்துக்கொள்ளலாம். அதில் ஒன்றும் கேவலமில்லை.

இந்த வருஷம் அவள் பெயர் கொடுத்திருக்கிறாள். தண்ணீர் பாட்டிலோடு ஓரமாக நிற்பது நானும் இரண்டு வாண்டுகளும். அம்மாவிடம் சொன்னேன். இந்த முறை கிண்டல் வரவில்லை.

"அவ ஓடப் போயிட்டா பிள்ளைங்களுக்கு யாருடா சாப்பாடு போடுவா?"

இரண்டு வருஷமாக என்னிடம் கேட்காத கேள்வி.