தூண்டிலுக்கும் ஏலமா?

போன ஆடி மாசம் நியூசிலாந்துல, டோங்கரிரோன்னு ஒரு ஆத்துல, முட்டிக்கு மேல தண்ணியில நின்னு மீன் பிடிச்சேன். ஊருக்கு வந்து இதைச் சொன்னா டீக்கடையில சிரிக்கிறாங்க. "ஏன், ரிஷிவந்தியத்துல ஏரி இல்லன்னா அங்க போன?"ன்னு ஒருத்தர் கேட்டார். விளையாட்டாத்தான் கேட்டார். ஆனா எனக்கு அது இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கு. ஏரி இருக்கு. அதுல நம்ம ஊருப் பையன் ஒருத்தன் தூண்டில் போட்டா அது திருட்டு. அதைப் பத்தித்தான் எழுத உக்காந்தேன். ஆனா அந்த ஆத்துக் கதையைச் சொன்னாத்தான் நான் ஏன் இப்படிப் பேசறேன்னு புரியும்.

பொண்ணு ஹாமில்டன்ல இருக்கா. ரெண்டாவது பிரசவத்துக்கு எங்க வீட்டம்மா முன்னாடியே போயிட்டாங்க. பேத்தி பொறந்த பிறகு நான் போனேன். கொல்லையில மரவள்ளி நின்னுது, தம்பி பாத்துக்கறேன்னான். நமக்கு ஆடின்னா அங்க நடுக் குளிர்காலம். காலையில எழுந்து பாத்தா புல்லு மேல உப்பு கொட்டின மாதிரி உறைபனி. பத்து நாள் ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ளயே உக்காந்திருந்தேன். மண்ணைத் தொட்டுப் பழகினவனுக்கு அது ஜெயில்தான். என் முகத்தைப் பாத்துட்டு மாப்பிள்ளை, "மாமா, நீங்க ஊர்ல மீன் பிடிப்பீங்கன்னு சொல்லுவாளே, வாங்க போலாம்"னார். அவர்கூட வேலை பாக்குறவரோட அப்பா ஒருத்தர், எழுபது வயசு, கூட்டிக்கிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கார்.

தெற்கால ரெண்டரை மணி நேரம் கார்ல போகணும். டௌப்போன்னு ஒரு ஏரி. ஏரின்னதும் நம்ம ஏரியை நெனைச்சுடாதீங்க, அறுநூறு சதுர கிலோமீட்டருக்கு மேல. எரிமலை வெடிச்ச பள்ளத்துல நிக்கிற தண்ணி. அதுல வந்து விழுற ஆறுதான் டோங்கரிரோ. ஏரியில வளர்ற டிரவுட் மீன் குளிர்காலத்துல முட்டை போட ஆத்துல எதிர்த்து ஏறும். நம்மூர்ல முதல் மழைக்கு வாய்க்கால்ல ஏத்துமீன் வருமே, அதேதான். அந்த ஊர்க்காரங்க அதுக்காகவே லீவு போட்டுட்டு வர்றாங்க.

நெஞ்சு வரைக்கும் ரப்பர் கால்சட்டை மாட்டி விட்டாங்க. கையில ஒம்பது அடி கம்பு. மண்புழு எங்கன்னு கேட்டேன். பெரியவர் சிரிச்சுட்டு ஒரு டப்பாவைத் தெறந்து காட்டினார். முள்ளு மேல நூலும் இறகும் சுத்தி, பூச்சி மாதிரியே கட்டி வச்சிருக்கு. அந்த ஆத்துல புழு கோக்கக் கூடாதாம், சட்டம். இந்தக் கட்டின பூச்சியிலதான் ஏமாத்தணும். நரம்புல ரெண்டு முள்ளு. ஒண்ணு கனமானது, அடிமண்ணுக்கு இழுத்துக்கிட்டுப் போக. இன்னொண்ணு சின்னதா ஆரஞ்சு நிறத்துல நூல் உருண்டை, பாத்தா மீன் முட்டை மாதிரி இருக்கு. மேல தக்கைக்குப் பதிலா கம்பளிக் குஞ்சம். நான் சின்னப் பையனா இருந்தப்ப மயிலிறகுத் தண்டை நறுக்கித் தக்கை கட்டுவோம். வேலை ஒண்ணுதான், பொருள்தான் வேற.

ஆனா பழக்கம் வேற. ஏரியில தூண்டில் போட்டா வேலை எல்லாம் காத்திருக்கிறதுதான். இங்க தண்ணி ஓடிக்கிட்டே இருக்கு. மேல பாத்து வீசணும், குஞ்சம் மிதந்து கீழ வரணும், மறுபடி வீசணும். மொத வீச்சுல என் தொப்பியே மாட்டிச்சு. ரெண்டாவது பின்னால இருந்த செடியில. மாப்பிள்ளை திரும்பி நின்னு சிரிச்சார், மாமனாராச்சேன்னு சத்தம் வராம.

வீச்சைவிட இன்னொண்ணு கஷ்டம். நடு ஆத்துல தண்ணி வேகமாப் போகுது, ஓரத்துல மெதுவாப் போகுது. நரம்பு நடுத்தண்ணியில விழுந்தா அது பூச்சியையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போயிடும். இழுபடற பூச்சியை மீன் தொடாது. அதனால வீசின உடனே நரம்பை மட்டும் தூக்கி மேல்பக்கமாப் போடணும். பெரியவர் நாலு தடவை செஞ்சு காட்டினார். அவர் இங்கிலீஷு எனக்குப் பாதிதான் புரிஞ்சுது, ஆனா தண்ணி புரிஞ்சுது. வாய்க்கால்ல எந்த ஓரம் வேகமா ஓடும், எங்க சுழிச்சு நிக்கும்னு முப்பது வருஷமா மம்பட்டியோட நின்னு பாத்தவன்தானே நான். வேகத் தண்ணியும் மெதுத் தண்ணியும் சேர்ற கோட்டுலதான் மீன் நிக்கும்னு அவர் கை காட்டறதுக்கு முன்னாடியே நான் அங்க பாத்துட்டேன். முதுகுல தட்டிக் கொடுத்தார்.

இருந்தும் ரெண்டு மீனை விட்டேன். தக்கை ஒரு தடவை ஆடும், விடு, ரெண்டாவது முழுசா இறங்கும், அப்பத் தூக்குன்னு எங்கப்பா சொல்லிக் கொடுத்தது. டிரவுட் அதுக்கெல்லாம் காத்திருக்காது. நூலுன்னு தெரிஞ்சதும் துப்பிடும். "மாமா, குஞ்சம் லேசா நின்னாலே தூக்குங்க"ன்னு மாப்பிள்ளை கத்தறார். அம்பது வருஷப் பழக்கம் கையை விட்டுப் போகணுமே. மூணாவதுலதான் மாட்டிச்சு. ஆத்து வேகத்தோட அது இழுத்த இழுப்புல என் கால் கல்லு மேல வழுக்கிச்சு. கரைக்கு வந்து பாத்தா முழங்கை நீளம், பக்கத்துல ரோஸ் கலர்ல பட்டை. சினை மீன். பெரியவர் கையை மொதல்ல ஆத்துல நனைச்சுக்கிட்டார், காஞ்ச கை பட்டா மீன் தோலு கெடும்னு. முள்ளைக் கழட்டி, தண்ணியில பிடிச்சு வச்சு, அது தானா திமிறினதும் விட்டார். வெள்ளி மாதிரி மினுமினுன்னு இருந்த இன்னொண்ணு மத்தியானம் மாட்டிச்சு. அதை வீட்டுக்கு எடுத்துக்கிட்டோம்.

விட்ட கதையைச் சொன்னதும் எங்க வீட்டம்மா, "விடறதுக்கு எதுக்குப் பிடிக்கணும்? அது வாய்ல ஓட்டை போட்டதுதான் மிச்சம்"னாங்க. எனக்குப் பதில் வரல. இப்பவும் இல்ல. பசிக்குப் பிடிக்கிறது எனக்குப் புரியும். பொழுதுபோக்குக்கு ஒரு உசுரை இழுத்து இழுத்து விடறதுல என் மனசு இன்னும் ஒட்டல. கொண்டுவந்த மீனைப் புளிக்குழம்பு வச்சாங்க. சதை ஆரஞ்சு நிறத்துல இருந்ததைப் பாத்துட்டு ரெண்டு தடவை கழுவினாங்க. நம்ம விரால் ருசி இல்ல.

நான் சொல்ல வந்தது இதுக்கு அப்புறம்தான். அடுத்த வாரம், பொரிச்சுப் பாப்போம், கடையில இன்னொண்ணு வாங்கிட்டு வாம்மான்னு பொண்ணுகிட்ட சொன்னேன். "கடையில கிடைக்காதுப்பா. இந்த நாட்டுல டிரவுட்டை விக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது"ன்னா. நான் நம்பல. மாப்பிள்ளையும் அதையேதான் சொன்னார். நீயே பிடிச்சுத் தின்னலாம், பிடிச்சவங்க சும்மா கொடுத்தா தின்னலாம். காசு கைமாறக் கூடாது. ஓட்டல்ல கூட நீ பிடிச்சுக்கிட்டுப் போனாத்தான் சமைச்சுத் தருவான். காசுன்னு வந்துட்டா ராத்திரியோட ராத்திரியா வலை போட்டு வாரிடுவாங்கன்னு வச்ச சட்டம்.

பிடிக்கறதுக்கு லைசென்ஸ் உண்டு. ஒரு நாளைக்குன்னும் வாங்கலாம், வருஷத்துக்கும் வாங்கலாம். டௌப்போவுக்குத் தனி லைசென்ஸ், அந்தக் காசு அந்த மீன்வளத்தைப் பாத்துக்கறதுக்கே போகுது. நாங்க நின்னப்ப ஒரு அதிகாரி வந்து லைசென்ஸைப் பாத்தார், பையைத் தெறந்து மீனைப் பாத்தார். எழுபது வயசுப் பெரியவர் முகம் சுளிக்காமக் காட்டினார். முட்டை போடற காலத்துல ஆத்தோட மேல்பகுதியை மூடிடறாங்க. அதையும் யாரும் தாண்டறதில்ல.

அங்க எல்லாம் ஒழுங்குன்னு நான் சொல்ல வரல. இந்த டிரவுட்டே அந்த நாட்டு மீன் இல்ல. 1867ல டாஸ்மேனியாவுலேருந்து ஒரு வகையைக் கொண்டாந்தாங்க, 1883ல கலிபோர்னியாவுலேருந்து இன்னொரு வகை. டௌப்போ ஏரியில கோவாரோன்னு ஒரு சின்ன மீன், அங்க வாழ்ந்த மாவோரி ஜனங்களுக்கு அதுதான் சாப்பாடு. டிரவுட் வந்து அதைத் தின்னு தீத்துடுச்சு. தன்னோட மீனும் போச்சு, வந்த மீனைத் தன் ஏரியிலயே பிடிக்க லைசென்சும் வேணும்னா எப்படி இருக்கும்? 1926ல அந்த மக்களோட ஒரு ஒப்பந்தம் போட்டு, எல்லாரும் மீன் பிடிக்க வழி விடறதுக்குப் பதிலா வருஷத்துக்கு மூவாயிரம் பவுன் கொடுக்க அரசாங்கம் ஒத்துக்கிச்சு. ஏரியோட தரை 1992லதான் அவங்க பேருக்குத் திரும்பி வந்துது.

இங்கயும் வெள்ளைக்காரன் அதே வேலையைச் செஞ்சிருக்கான். நீலகிரியில அவலாஞ்சியில டிரவுட் குஞ்சு பொரிக்கற பண்ணை 1907லயே வந்துடுச்சு. வில்சன்னு ஒருத்தர் செஞ்சது. குளிர்ந்த தண்ணி வேணும்ங்கறதால அது மலையை விட்டு இறங்கல. நம்ம ஏரிக்கு வந்தது ஜிலேபி. அதுவும் ஆப்பிரிக்கா சரக்குதான், 1952ல நம்ம நாட்டுக்கு வந்தது. இப்ப வலையை இழுத்தா பாதி அதுதான்.

சரி, நம்ம ஏரிக்கு வர்றேன். எனக்கு விவரம் தெரிஞ்ச காலத்துல ஏரியில தூண்டில் போட யாரும் யாரையும் கேட்டதில்ல. புரட்டாசி, ஐப்பசியில மழை பேஞ்சு ஏரி கோடி போனா ஊரே அங்கதான். கெளுத்தி, குறவை, ஆரால், கெண்டை. கூலிக்குப் போற வீட்டுல வாரத்துல ரெண்டு நாள் குழம்பு அதுலதான். அப்புறம் மீன் பாசி ஏலம் கறாரா ஆச்சு. ஏலம் எடுத்தவர் கட்லா, ரோகு குஞ்சு வாங்கி விடறார். அவர் போட்ட காசு அது. அவர் காவல் வைக்கிறதும் நியாயம்தான்.

நானே ஒரு வருஷம் நாலு பேரோட பங்கு சேந்து ஏலம் எடுத்தவன். ஆளுக்கு இருபதாயிரம் போட்டோம். அந்த வருஷம் நானே கம்பை எடுத்துக்கிட்டுப் பசங்களைத் தொரத்தியிருக்கேன். அதைவிடக் கேவலம் ஒண்ணு செஞ்சோம். மீன் வாரணும்னு மாசியிலயே மதகைத் தெறந்து விட்டுட்டோம். கடைமடையில ரெண்டு பேருக்கு நெல்லு பால் பிடிக்கற நேரம். அதுல ஒருத்தர் இன்னைக்கும் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்ல. அவர் செய்யறது சரி.

நான் ஊருக்குத் திரும்பின வாரம், தங்கச்சி பேரன், பதினோரு வயசு, அழுதுக்கிட்டு வந்தான். ஏரிக் காவக்காரர் தூண்டிலை முறிச்சுப் போட்டுட்டாராம். பையில என்னடா இருந்துதுன்னு கேட்டேன். மூணு கெளுத்தி. அந்தக் கெளுத்தியை ஏரியில விட்டது யாரு? ஏலக்காரரா? யாரும் விடல. ஏரி உண்டான நாள்லேருந்து இருக்கற மீன் அது.

தூண்டில் போட்டுப் பழகினவங்களுக்குத் தெரியும், மண்புழுவுக்குக் கட்லா லேசுல வராது. அது மேல்தண்ணியில மேயற மீன், அதோட தீனியே வேற. புழுவுக்கு வர்றது கெளுத்தி, குறவை, விரால், ஜிலேபி. குறவையும் விராலும் குஞ்சைத் தின்னும்னு ஏலக்காரரே அதுங்களைக் களை மாதிரிதான் பாக்கறார். அதனால நான் கேக்கறது சின்ன விஷயம். வலை, கூடு எல்லாம் ஏலம் எடுத்தவருக்கு. கையில பிடிக்கற தூண்டில் ஊர்க்காரங்களுக்கு, காசில்லாம. ஆளுக்கு ஒரு கம்பு, ஒரு முள்ளு. பிடிச்சதை விக்கக் கூடாது. தப்பித் தவறி கட்லா மாட்டினா திருப்பி விட்டுடணும். ஏலப் பத்திரத்துல ஒரு வரி சேத்தாப் போதும். லைசென்ஸ் வேணாம். அங்க கம்பு பிடிக்கறவங்க கார்ல வர்றாங்க, இங்க பசியோட வர்றாங்க.

இப்படிச் செஞ்சா ஏலத்தொகை குறையும், ஊராட்சிக்கு வருமானம் போகும்னு சொல்வாங்க. கொஞ்சம் குறையலாம். ஆனா இப்ப என்ன நடக்குதுன்னு பாருங்க. கல்வராயன் மலையிலேருந்து வர்ற கோமுகியிலயும் மணிமுத்தாத்துலயும் தண்ணி வத்தற காலத்துல பேட்டரியில கரண்டு வச்சுப் பிடிக்கறாங்க, பிளீச்சிங் பவுடர் கொட்டறாங்க. விரல் நீளக் குஞ்சு வரைக்கும் செத்து மிதக்கும். பாத்துட்டு எல்லாரும் அவங்கவங்க வேலைக்குப் போறோம். நம்ம மீனுன்னு நெனப்பு இருந்தாத்தானே கேக்கத் தோணும்? டோங்கரிரோவுல அந்த அதிகாரி வந்துட்டுப் போனப்புறம் பெரியவர்கிட்ட, இவ்வளவு நீள ஆத்தை இவர் ஒருத்தர் எப்படிப் பாக்க முடியும்னு கேட்டேன். "நாங்க எல்லாரும் நிக்கறோமே"ன்னு கரையைக் காட்டினார்.

ஏத்துமீன் விஷயத்துல எனக்கே கூச்சமா இருக்கு. மொத மழைக்கு முட்டையோட ஏறி வர்ற மீனை வாய்க்கால் பூரா மறிச்சுக் கூடு வச்சு வார்றோம். அந்த ருசி எனக்கும் பிடிக்கும், சினைக் குறவைக் குழம்புக்கு நான் அடிமை. ஒரு வாரம் வாய்க்காலை மறிக்காம விடலாமான்னு வீட்டுல சொன்னேன். "மொதல்ல நீ இரு"ன்னாங்க.

அக்டோபர் 2 கிராம சபையில தூண்டில் வரியைக் கேக்கப் போறேன். இந்த வருஷம் ஏலம் எடுத்தவர் எனக்குப் பங்காளி முறை. காதுக்குப் போயிடுச்சு போல, நேத்து போன் பண்ணி, "நீ எடுத்த வருஷம் இந்த நியாயம் எங்க போச்சு?"ன்னார். அதையும் சபையில நானே சொல்லிடறேன்னு சொல்லியிருக்கேன். மாப்பிள்ளை தங்கச்சி பேரனுக்குன்னு ஒரு சுருள் நரம்பும் பத்து முள்ளும் வாங்கிக் கொடுத்து விட்டார். இன்னும் அவன் கையில கொடுக்கல. பரண் மேல இருக்கு. தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும், சபை என்னைக்குன்னு கேட்டுட்டுப் போறான்.